போனுக்குப் பின்னால் நின்றவள்

பத்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே குப்பம்மா போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டாள். சறுக்கிவிடாமல் இருக்க முன்னால் இஞ்சி தட்டுகிற குழவி. சமையல் மேடையின் ஒரு கோடியில் அடுப்பு, மறு கோடியில் போன். போனின் கண்ணுக்கு அடுப்பு தெரியும், அடுப்பண்டை நிற்கிற வேலப்பன் தெரியும், அவர் தலைக்கு மேலே தொங்குகிற காலண்டர்கூடத் தெரியும். குப்பம்மா மட்டும் தெரியமாட்டாள். டப்பாவுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடம் இருக்கிறது. அங்கே ஒட்டிக்கொண்டு நிற்பாள்.

"வணக்கம்யா. ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்றது போன். திருநெல்வேலியில் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற லுப்னா.

"தூங்கினேன் பாப்பா." வேலப்பனுக்கு வார்த்தை கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் வந்தது.

"இன்னைக்கும் டீதான். நான் வாயைத் திறக்க மாட்டேன். அம்மாவும் திறக்கக் கூடாது. அம்மா எங்க?"

"இங்கதான் கீறேன்மா. துணி மடிச்சிகினு கீறேன்" என்று குப்பம்மா குரல் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்குக் குரல் நடுங்கக் கூடாது. அவளுக்கு நடுங்கவில்லை. பதினோரு நாள் பழக்கம்.

வேலப்பன் இடது கையால் பால் பாத்திரத்தை வைத்தார். பிறகு நின்றார். அடுத்தது என்ன என்பது அவர் மண்டையில் எங்கேயோ இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. போன் இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். குப்பம்மா ஆள்காட்டி விரலை மேலே தூக்கிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். அவர் லைட்டரை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்தார். பால் நுரைத்து எழும்பியது. மறுபடி பார்த்தார். குப்பம்மா விரல்களை மடக்கி முஷ்டியைக் காட்டினாள். அவர் கை திருகைத் திருப்பி அடுப்பை அணைத்தது.

"சூப்பர்யா! ஒரு தப்பு இல்ல!" என்று போனுக்குள் லுப்னா கைதட்டினாள். வேலப்பன் கோணல் வாயோடு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் குப்பம்மா இவ்வளவு திருட்டுத்தனமும் செய்தாள். இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்லலாம்.

வேலப்பன் எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேனுக்கு சிக்னல் காட்டுகிறவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். கிரேன் டிரைவர் மேலே கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பான், கீழே பெட்டி எங்கே இறங்குகிறது என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. கீழே நிற்கிற வேலப்பனின் கைதான் அவனுக்குக் கண். விரல் மேலே பார்த்துச் சுற்றினால் தூக்கு. கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு. முஷ்டி என்றால் நில். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டால் எல்லாம் நிறுத்து, வேலை முடிந்தது, எவனும் எதையும் அசைக்காதே. சிக்னல் வராமல் டிரைவர் ஓர் அங்குலம்கூட அசைக்கக் கூடாது என்பதுதான் அந்த யார்டின் முதல் சட்டம். வந்த சிக்னல் புரிந்தது என்றால் டிரைவர் மணியடித்துப் பதில் சொல்வான்.

இந்த பாஷை யார்டோடு நிற்கவில்லை. தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி அவர்கள் வீடு. கல்யாணமான புதிதில் குப்பம்மா பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவாள். கீழே டீக்கடை வாசலில் நின்றுகொண்டு வேலப்பன், நாற்பது டன் பெட்டியை இறக்குகிற அதே தோரணையில், இறக்கு, இன்னும், மெல்ல, நில் என்று கை காட்டுவார். பையில் போட்டு அனுப்புவது என்னவோ அரை கிலோ வெங்காயமாக இருக்கும். குப்பம்மா கரண்டியால் தட்டில் தட்டிப் பதில் மணியடிப்பாள். பிளாக்கே சிரிக்கும். முப்பது வருஷத்தில் அவளுக்கு அந்த சிக்னல்கள் தாய்மொழி ஆகிவிட்டன.

தை மாதம் ஒருநாள் காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவருக்கு வலது கை கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கம் போனது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது வலது கை இருந்தும் இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை தலைக்குள். ஒரு வேலையை ஆரம்பிப்பார், நடுவில் தொலைத்துவிடுவார். பல் துலக்கப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வா என்றார்கள். போவது எப்படி? அவர் கால் இன்னும் படி இறங்கப் பழகவில்லை, நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் மூன்று மாடி இறக்க வேண்டும். இறக்கி ஆட்டோவில் ஏற்றினால் கண்டெய்னர் லாரிகள் வால் தெரியாத வரிசையில் நிற்கும். அவர் சிக்னல் காட்டி ஏற்றி அனுப்பிய பெட்டிகளே அவருக்கு வழி விடாமல் நின்றன. இரண்டு தடவை போய்ப் பயிற்சி நேரம் முடிந்த பிறகு சேர்ந்தார்கள். அங்கேயிருந்த ஒரு நர்ஸ்தான், போனிலேயே சொல்லிக் கொடுக்கிற டிரஸ்ட் ஒன்று இருக்கிறது என்று நம்பர் எழுதிக் கொடுத்தாள். அந்த நர்ஸின் பெயர்கூடக் குப்பம்மாவுக்குத் தெரியாது. தினமும் சாமி விளக்கு ஏற்றும்போது, அந்த நீலப் புடவை நல்லாயிருக்கணும் என்று மட்டும் சொல்லிக்கொள்வாள்.

அந்த டிரஸ்டிலிருந்து பேசுகிறவள்தான் லுப்னா; அவள் வைத்தியம் முதலில் வேடிக்கையாக இருந்தது. மருந்தில்லை, மாத்திரையில்லை. கொடிக்கயிற்றில் வலது கையால் துணி க்ளிப் மாட்ட வேண்டும். ஒவ்வொரு க்ளிப்புக்கும் ராயபுரத்திலிருந்து ரயில் ஸ்டேஷன் பெயர் ஒன்று சொல்ல வேண்டும். கைக்குத் தனி வேலை, மண்டைக்குத் தனி வேலை என்று கொடுத்தால் இரண்டும் சோம்பேறியாகிவிடும், ரெண்டையும் ஒரே நுகத்தில் பூட்டணும் என்பாள் லுப்னா. வேலப்பன் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று போய், விம்கோ நகரில் நின்றுவிடுவார். மீஞ்சூரில் மகள் மகிழினி வீடு. நூறு தடவை போன பாதை. ஆனால் வண்டி விம்கோ நகரைத் தாண்டவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

அதைத்தான் குப்பம்மாவால் பார்க்க முடியவில்லை. முந்தாநாள் பிறந்த பெண் எதிரில் தன் புருஷன் தோற்றுப்போய் நிற்பதா? முதல் நாள் சும்மா ஒரு விரல் அசைத்தாள். அடுத்த நாள் முஷ்டி. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த இன்னொரு காரணம் இதுதான். குப்பம்மாவுக்கு மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவுச் சமையல். காலை எட்டுக்குப் போனால் மூன்றுக்குத்தான் திரும்பலாம். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று தலைமை ஆசிரியை நல்ல விதமாகவே சொல்லியிருந்தார். மகளுக்கோ கைக்குழந்தை. ஆக, வேலப்பன் ஏழு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு ஒரு டீ போட்டுக் குடித்து மாத்திரை போட வேண்டும், அடுப்பை அணைக்க வேண்டும். "நான் சரின்னு சொன்ன பிறகுதான் தனியா விடணும்மா" என்று லுப்னா முதல் நாளே கண்டிஷனாகச் சொல்லியிருந்தாள். அந்த 'சரி'யைத்தான் குப்பம்மா டப்பாவுக்குப் பின்னால் நின்று திருடிக்கொண்டிருந்தாள்.

திருடியதில் பெரிய கூத்து, திருடியவளே அதை நம்பிவிட்டதுதான். தினம் தினம் 'சூப்பர்யா' கேட்டுக் கேட்டு, மனுஷன் தேறிவிட்டார் என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் தண்ணீர் லாரி வந்தது. பாலை அடுப்பில் ஏற்றி, பொங்கினா அணைச்சிடுய்யா என்று சொல்லிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு குடத்தோடு குப்பம்மா இறங்கினாள். வரிசையில் முக்கால் மணி நேரம். குடத்தோடு மேலே ஏறும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே எதிர்வீட்டு அஜீசுன்னிசாவின் குரல் கேட்டது.

"குப்பம்மா, லைட்டு சுவிட்ச தொட்டுடாதே! ஓடியா!"

கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. வீடு முழுக்க கேஸ் நாற்றம். அஜீசுன்னிசா தைத்துக்கொண்டிருந்த நைட்டியைத் தோளில் போட்டபடியே, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிலிண்டரை மூடிவிட்டிருந்தாள். பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடியே இருந்திருக்கிறது. மேடையெல்லாம் பால். வேலப்பன் அடுப்பண்டை அசையாமல் நின்றிருந்தார். அவர் பார்வை அடுப்பில் இல்லை. துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், அந்த ஒரு முழ இடத்தில் இருந்தது.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற! பால் பொங்கறது தெரில?"

"சிக்னல்..." என்றார் வேலப்பன். "சிக்னல் வரல மே."

குடம் எப்போது கையிலிருந்து இறங்கியது என்று குப்பம்மாவுக்குத் தெரியாது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அஜீசுன்னிசா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சிக்கோ. அயுவாத. நா கொத்தமல்லி வறுக்கலாம்னு எயுந்தேன், வாசனை புட்ச்சிது. அல்லா காப்பாத்திட்டான்" என்றாள்.

அல்லாவோ, அங்காளம்மனோ, அஜீசுன்னிசாவின் மூக்கோ, குப்பம்மா அன்று எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கொத்தமல்லிக்குக்கூட. அன்று மாலை நெத்திலிக் குழம்பு வைத்து முதல் கிண்ணத்தை எதிர்வீட்டுக்குத்தான் எடுத்துப்போனாள். அஜீசுன்னிசா அதை வாங்கிக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு நெஜத்த சொல்லு" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்குக் குப்பம்மா போனுக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"பாப்பா, உன்னாண்ட ஒரு பொய் சொல்லிக்கினே இருந்தேன்" என்று ஆரம்பித்து, முஷ்டி, வட்டம், வழிந்த பால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"தப்பு என் மேலயும்தாம்மா" என்றாள். "ரூமை ஒரு தடவை சுத்திக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும். அய்யா இந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தாரு. என்னையப் பாக்காருன்னு நெனச்சு எனக்குப் பெருமை வேற."

பிறகு நோட்டைப் பிரித்துப் பதினோரு நாள் மார்க்கையும் பேனாவால் அடித்தாள். பேனா காகிதத்தில் இழுபடுகிற சத்தம் போனில் கேட்டது. பள்ளி திறக்கப் பத்தொன்பது நாள் இருந்தது.

"அய்யா, நீங்க யார்டுல கிரேன் டிரைவரா?" என்றாள் லுப்னா.

"இல்ல. சிக்னலு."

"அப்ப டிரைவர் சீட்டுல ஏன் உக்காந்திருக்கீங்க?"

வேலப்பனின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததைக் குப்பம்மா பார்த்தாள்.

அன்றிலிருந்து ஆட்டம் தலைகீழ். வேலப்பன் சிக்னல் காட்டுவார், அதுவும் வலது கையால். தூக்க முடியாவிட்டால் இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்ளலாம். குப்பம்மா கிரேன். அவர் காட்டாமல் அவள் சுண்டுவிரல்கூட அசையக் கூடாது. "பால் பொங்கினாலுமா?" என்று கேட்டாள். "பொங்கினாலும்" என்றாள் லுப்னா. சிலிண்டர் பக்கத்தில் குப்பம்மா நிற்பதால் பயமில்லை. முதல் மூன்று நாள் மேடை ஒரே கலீஜ். கண் எதிரே நல்ல பால் வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது, முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்கு எங்கே தெரியப் போகிறது. நான்காம் நாள், பால் விளிம்பைத் தொடும்போது, வேலப்பனின் வலது கை நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக, வேண்டா வெறுப்பாக மடங்கின. அரைகுறை முஷ்டிதான். குப்பம்மா திருகைத் திருப்பி அணைத்துவிட்டு, தன்னை மறந்து கரண்டியால் பாத்திரத்தில் மணியடித்தாள்.

இரண்டாவது வாரத்தில் கிரேனும் அவரே, சிக்னலும் அவரே. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் வலது கை தனக்குத்தானே சிக்னல் காட்ட வேண்டும், பிறகு இடது கை அதைச் செய்ய வேண்டும். கடைசியில் இரண்டு கையையும் கோத்து 'எல்லாம் நிறுத்து' காட்டுவதற்கு முன்னால் அடுப்புத் திருகு, சிலிண்டர், மாத்திரை மூன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். "யார்டுல சும்மாவா கையைக் கோப்பீங்க? நாலாபக்கமும் பாத்துட்டுதானே?" என்றாள் லுப்னா. அந்தக் கேள்வி அவருக்கு எங்கேயோ போய்த் தைத்தது.

எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. ஒருநாள் டம்ளர் கை நழுவி விழுந்ததும், வேலப்பன் க்ளிப் டப்பாவைத் தூக்கிச் சுவரில் அடித்தார். "வேணாம். ஒண்ணும் வேணாம். என்ன வுட்டுடுங்க" என்று கத்தினார். குப்பம்மாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காக இவ்வளவு பேஜாரு என்று பதிலுக்குக் கத்தினாள். இருவரும் கத்தி ஓய்ந்த பிறகு, லுப்னா ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள்.

"விம்கோ நகருக்கு அப்புறம் என்னய்யா?"

"கத்திவாக்கம்!" என்று கோபத்தோடு கத்தினார் வேலப்பன். கத்திய பிறகுதான் மூன்று பேருக்கும் அது உறைத்தது. "எண்ணூரு" என்றார் மெதுவாக. "அத்திப்பட்டு புதுநகர். அத்திப்பட்டு. நந்தியம்பாக்கம்." மீஞ்சூர் என்று சொல்வதற்குள் குப்பம்மா அழுதுகொண்டிருந்தாள்.

பெற்றவளா, கூடப்பிறந்தவளா, முகத்தை நேரில்கூடப் பார்க்காத பெண். அவளுக்கு என்ன செய்வது? குப்பம்மா காசிமேட்டில் போய்ப் பார்த்துப் பார்த்துக் கருவாடு வாங்கி, நாலு சுற்றுத் துணி, அதன் மேல் பிளாஸ்டிக் என்று கட்டிக் கூரியரில் போட்டாள். ஐந்தாம் நாள் லுப்னா கைக்குட்டையால் மூக்கை மூடுவது போல நடித்துக்கொண்டு திரையில் வந்தாள். "அம்மா, பார்சலை ஆபீஸ்ல வச்சுப் பிரிச்சுட்டோம். மேனேஜர் வெளிய ஓடிட்டாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். "ஆனா எங்க வாப்பாவுக்கு உசுரும்மா. ரெண்டு நாளா வேற குழம்பே கேக்கல." குப்பம்மாவுக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

பள்ளி திறப்பது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பரீட்சை. லுப்னா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: நான் திரையைக் கறுப்பாக்கிவிடுவேன், பார்ப்பேன், பேச மாட்டேன். அஜீசுன்னிசா ஆன்ட்டி வாசலுக்கு வெளியே நிற்கட்டும். நீங்கள் வீட்டிலேயே, ஏன், அந்த மாடியிலேயே இருக்கக் கூடாது. முடிந்ததும் அய்யாவே பால்கனிக்கு வந்து உங்களுக்குச் சொல்வார்.

குப்பம்மா வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தண்ணீர் லாரி வருகிற நாள் இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். டீக்கடைக்கு முன்னால், முன்பெல்லாம் வேலப்பன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு மேலே பார்த்தாள். பால்கனியில் ஒரு லுங்கியும் இரண்டு பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. துறைமுகம் போகிற லாரி ஒன்று தெருமுனையில் ஹாரன் அடித்தது.

ஐந்து நிமிடம். இந்நேரம் பாத்திரத்தை வைத்திருப்பார். பத்து நிமிடம். இந்நேரம் பொங்கியிருக்கும். மூக்கை நிமிர்த்திப் பார்த்தாள். மூன்று மாடி இறங்கி எந்த நாற்றம் வரப்போகிறது? டீசல் புகையும் வடைச்சட்டி வாசனையும்தான் வந்தது. பதினைந்து நிமிடம். அவள் முஷ்டி தானாக மடங்கியிருந்ததைப் பார்த்தாள். நில், நில், நில் என்று அது யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது. விரல்களைப் பிரித்து, அந்தக் கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். இது அவர் பெட்டி. அவர்தான் இறக்க வேண்டும்.

பதினெட்டாவது நிமிடம் லுங்கி விலகியது.

வேலப்பன் கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கதவோரம் அஜீசுன்னிசாவின் துப்பட்டா தெரிந்தது. அவர் கீழே தேடினார். அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் வலது கையைத் தூக்கினார். அது பாதியில் நின்றது. இடது கை வந்து அதைத் தாங்கி நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தது. பிறகு, உள்ளே எதையோ நினைவுபடுத்திக்கொள்கிறவர் போலத் தலையைத் திருப்பி, சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் கோத்தார்.

வலது கையின் சுண்டுவிரல் மட்டும் சேராமல் நழுவிக்கொண்டிருந்தது. அவர் கையைப் பிரிக்கவில்லை. பதில் வருகிற வரைக்கும் சிக்னலை விடக் கூடாது.

குப்பம்மாவிடம் கரண்டியும் இல்லை, தட்டும் இல்லை. வெறும் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கி, டீக்கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்க, வளையல் கையால் ஓங்கித் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள்.